எங்க வீட்டுப் பரணைப் பார்த்தீங்களா!

வீட்டுக்கு யார் வந்தாலும் காபி டம்ளரைக் கீழே வைத்த கையோடு ஸ்டூலைப் போட்டுப் பரணை எட்டிப் பார்க்கச் சொல்லிவிடுகிறேன். "என்ன அண்ணி, பொண்ணு பார்க்க வந்தவங்களுக்கு அலங்காரம் பண்ணிக் காட்டற மாதிரி காட்டறீங்க" என்று என் நாத்தனார் கேலி பண்ணுகிறாள். பண்ணட்டும். அவள் வீட்டில் ரவை தீர்ந்தால் யார் வீட்டுக்கு ஓடி வருகிறாள்?

சும்மா பெருமையா இது! இரண்டு தகர டின் நிறைய அரிசி. துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, உளுந்து மூன்றும் மூடி இறுகிய டப்பாக்களில். கொட்டை எடுத்து உப்புப் போட்டு அமுக்கிய புளி ஒரு பானை. கூழ் வடகம், மோர்மிளகாய், சுண்டைவற்றல், மணத்தக்காளி. துணி கட்டிய ஜாடியில் மாங்காய் ஊறுகாய். முன்வரிசையில் அவல், பொட்டுக்கடலை, கடலை மிட்டாய். ஓரமாக மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. இதில் ஒரு பொருளுக்குக் கூடக் கைமாற்று வாங்கவில்லை, தவணை கட்டவில்லை. அத்தனையும் வாரம் 200 ரூபாயில் சேர்ந்தவை. நான் எப்படித் துள்ளாமல் இருப்பேன்?

எங்கள் மண்ணூர்பேட்டையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பாடியைத் தாண்டி திருவள்ளூர் ரோட்டில், அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டி இருக்கிறது. தெருவில் பாதிப் பேர் லேத்துப் பட்டறை, பிரஸ் ஷாப், தையல் கம்பெனி. என் வீட்டுக்காரர் லேத்தில், நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறேன். இரண்டு பிள்ளைகள், மாமியார், ஒற்றை பெட்ரூம் வாடகை வீடு. மாதச் சம்பளக்காரர்கள் ஒன்றாம் தேதி நீளமாக மளிகை லிஸ்ட் எழுதுவார்கள். எங்களுக்குச் சனிக்கிழமைதான் ஒன்றாம் தேதி. அன்று மாலை அண்ணாச்சி கடையில் கால் கிலோ, அரைக் கிலோ என்று வாங்கி, வெள்ளிக்கிழமைக்குள் துடைத்துவிடுகிற பிழைப்பு. இந்த மாதிரி வீட்டில் போய் 'சேமிப்பு' என்றால் சிரிக்கத்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது, மிக்ஜாம் புயல் வரும்வரை.

2023 டிசம்பர் 3, 4. எஸ்டேட் முழுக்கத் தண்ணீர். கொரட்டூர் பக்கமும் பட்டரவாக்கம் பக்கமும் கேட்கவே வேண்டாம். கரண்ட் போனது போனதுதான். மோட்டார் ஓடவில்லை, டேங்க் காலி. பால் பாக்கெட்டுக்கு ஊரே அலைந்தது. திறந்திருந்த ஒன்றிரண்டு கடைகளில் சொன்னதுதான் விலை. எங்கள் வீட்டில் அரிசி இருந்தது; அதற்கு மேல் போட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. மாமியார் வந்தவாசிப் பக்கத்து மனுஷி. காலை மடித்துக் கட்டில்மேல் உட்கார்ந்துகொண்டு, "ஒரு வாரம் மழை பேஞ்சா அடுப்பு அணையுற வீடெல்லாம் ஒரு வீடாடி? எங்க வீட்டுக் குதிருல அடுத்த வெள்ளாமை வரைக்கும் நெல்லு கெடக்கும்" என்றார்.

"குதிருக்கு நான் எங்க அத்தை போவேன்?" என்றேன்.

அவர் பதில் பேசவில்லை. மேலே பரணைப் பார்த்தார். பழைய டிவி அட்டைப்பெட்டி, பிள்ளைகளின் நடைவண்டி, ரிப்பேரான டேபிள் ஃபேன். தண்ணீர் வடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவ்வளவையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டேன். வந்த காசில் எண்ணெய்க்கடையில் காலி டின் வாங்கி, சுடுதண்ணீர், சோப்பு, சீயக்காய் எல்லாம் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த வியாபாரம் அதுதான்!

முறை மகா எளிது. எதை வழக்கமாக வாங்குகிறோமோ அதையே, வாங்கும்போதே கொஞ்சம் கூட வாங்க வேண்டும். அரைக் கிலோ பருப்பு வாங்கும் வாரம் முக்கால் கிலோ. அந்தக் கால் கிலோ சமையலறைக்குள் நுழையாமல் நேரே பரணுக்கு. அடுத்த வாரம் எண்ணெய். அதற்கடுத்த வாரம் ரவை. 200 ரூபாய்தான் எல்லை. ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற வாரம் 50 ரூபாய்க்குப் பெருங்காயமும் மிளகும் மட்டும். எப்படிப் பார்த்தாலும் வருஷத்துக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். அதுவும் கரைந்துபோகிற காசு இல்லை, நாமே சாப்பிடப் போகிற சாமான். புதிதாக வந்தது பின்னால், பழையது முன்னால். முன்னால் இருப்பதை எடுத்துச் சமைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு டப்பாவிலும் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டுவது பெரிய மகனின் வேலை. 'தை துவரை', 'மாசி புளி' என்று அவன் கோணல் எழுத்தில் எழுதியிருப்பதைப் பார்ப்பதே ஒரு அழகு.

நில நடுக்கம் ஓயாத ஜப்பானில் அரசாங்கமே மக்களுக்கு இதே யோசனையைச் சொல்கிறதாம்: குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரச் சாப்பாடு வீட்டில் இருக்கட்டும், அன்றாடம் சாப்பிடுவதையே கொஞ்சம் கூட வாங்கி, பழையதைத் தின்று, தின்றதை நிரப்புங்கள் என்று. இதை மாமியாரிடம் சொன்னபோது, "அவங்களுக்கு யாரு சொன்னாங்களாம்?" என்று கேட்டார்.

ஒரு வாரம் என்றால் எவ்வளவு? ஐந்து பேர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றேகால் கிலோ அரிசி போகிறது. வாரத்துக்கு ஒன்பது கிலோ. பருப்பு ஒரு கிலோவுக்குள். எண்ணெய் ஒரு லிட்டர். முதல் குறி அதுதான். அது எட்டிய பிறகு பதினைந்து நாள், பிறகு ஒரு மாதம். எடுத்தவுடன் மூன்று மாதத்துக்குச் சேர்க்கிறேன் என்று கிளம்பினால் கையில் காசும் இருக்காது, வீட்டில் இடமும் இருக்காது.

ரேஷன் கடையைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் நாக்கு என்னை மன்னிக்காது. தமிழ்நாட்டில் பிறந்ததற்கு நான் நன்றி சொல்கிற இடம் அது! 2011 ஜூன் மாதத்திலிருந்து அரிசிக்குக் காசே இல்லை. பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை ஆளுக்கு அரைக் கிலோ வீதம் அதிகபட்சம் 2 கிலோ, கிலோ 25 ரூபாய். எங்கள் கார்டுக்கு எல்லாம் சேர்ந்து 105 ரூபாய். வெளியில் ஒரு கிலோ துவரை 2024-இல் 150 ரூபாயைத் தாண்டி விற்றபோது, இந்த 105 ரூபாய்க்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்தவள் நான். அரிசியைக் கோழிக்குப் போடுகிறவர்களையும், பாமாயிலை வாங்காமல் விடுகிறவர்களையும் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ரேஷன் புழுங்கல் அரிசியில் இட்லி எப்படி வருகிறது தெரியுமா? பூ! பாமாயில் வடகம் பொரிக்க மட்டும், தாளிக்க நல்லெண்ணெய்.

"ரேஷன் அரிசியில பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கு" என்று எங்கள் தெருவில் ஒரு பீதி கிளம்பியது. அது பிளாஸ்டிக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவிலேயே பிழிந்து, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருந்தார்கள். நிறம் கொஞ்சம் மாறித் தெரியும். பொறுக்கி எறிந்தால் சத்தைத்தான் எறிகிறோம்.

சாப்பாட்டுக்கு மட்டும் கடை அரிசி. அதிலும் ஒரு வேடிக்கை பாருங்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி போட்டார்கள். உடனே 26 கிலோ மூட்டை கடைகளில் முளைத்தது! நானும் பக்கத்து போர்ஷன் அக்காவும் சேர்ந்து ஒரு மூட்டை எடுத்து, கைத்தராசில் 13, 13 என்று பிரித்துக்கொள்கிறோம். பருப்பு, மிளகாய், தனியா எல்லாம் மூன்று நான்கு வீடு சேர்ந்து கோயம்பேட்டு மொத்தக் கடையில் எடுத்தால் சில்லறை விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில் பஸ் செலவு போக ஒரு கிலோ உளுந்து வந்துவிடும். விலை இறங்கின காலத்தில் வாங்கிப் போட்டு, ஏறின காலத்தில் கடைப்பக்கமே போகாமல் இருக்கிற சுகம் இருக்கிறதே! 2023 ஜூலையில் தக்காளி நூறு ரூபாயைத் தாண்டிப் போய், ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்கிற நிலை வந்தது நினைவிருக்கிறதா? அதே தக்காளி சில மாதங்களில் கூவிக் கூவி அள்ளிக் கொடுக்கிற விலைக்கு வரும். அப்போது ஒரு கூடை வாங்கித் தொக்குக் கிளறி எண்ணெய் மிதக்க பாட்டிலில் அடைத்துவிட்டால், பிறகு தக்காளி என்ன விலைக்குப் போனால் எனக்கென்ன?

அடுத்தது வண்டு. பரண் என்றாலே எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். அரிசி வண்டு வெளியிலிருந்து பறந்து வருவதாக நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது மூட்டையோடு கூடவே வருகிறது. தாய் வண்டு அரிசியில் துளை போட்டு, உள்ளே முட்டை வைத்து, மூடிவிட்டுப் போகும். புழு அரிசிக்குள்ளேயே தின்று வளர்ந்து, நம் ஊர்ச் சூட்டுக்கு ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். அதனால் மூட்டை வந்த அன்றே மொட்டை மாடிதான். நன்றாகக் காய்ந்து, ஆறி, ஈரம் துளியும் இல்லாத டின்னுக்குள் போக வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். அடுக்கடுக்காக நிழலில் உலர்த்திய வேப்பிலை, காய்ந்த மிளகாய், துணியில் முடிந்த வசம்பு. மாமியாரின் கைமருந்து இவ்வளவுதான், அரிசி மணக்க மணக்க இருக்கிறது. ரவையை வாசனை வர வறுத்து ஆறவைத்தால் போதும்.

பயறு வகையில்தான் சூட்சுமம் இருக்கிறது. பச்சைப்பயறு, தட்டப்பயறு, கொண்டைக்கடலை என்று முழுசாக இருப்பதைத்தான் பயறு வண்டு தேடி வரும். உடைத்த பருப்பில் அவ்வளவாக முட்டை வைக்காது. அந்தக் காலத்தில் துவரைக்குச் செம்மண் கட்டி வைத்தார்கள், இல்லையென்றால் உடைத்து வைத்தார்கள். நான் முழுப்பயறுக்கு, கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டுக் கையால் பிசறி வைக்கிறேன். பயறு பளபளவென்று இருக்கும், வண்டு அண்டாது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் ஓட்டை போட்ட குழாய் மாதிரி ஒரு வண்டுப்பொறி கண்டுபிடித்திருக்கிறார்கள். தானியத்துக்குள் சொருகினால், காற்றைத் தேடிப் போகிற வண்டு ஓட்டை வழியாக உள்ளே விழுந்துவிடும். மருந்து இல்லை, மாயம் இல்லை. எனக்கு அதன்மேல் ஒரு கண்.

இதெல்லாம் கடையில் வாங்கி அடுக்குகிற சந்தோஷம். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடியில் நடக்கிறது வேறு! அக்னி நட்சத்திர வெயிலை ஊரே திட்டும்போது வானத்தைப் பார்த்துக் கும்பிடுகிறவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.

கூழ் வடகத்துக்கு முதல்நாளே ரேஷன் பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, ராத்திரி முழுக்கப் புளிக்கவிட்டுவிடுவோம். விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரிய அலுமினிய தேக்சாவில் தண்ணீர் கொதிக்கும். உப்பு, பச்சைமிளகாயும் சீரகமும் அரைத்த விழுது, பிறகு மாவு. கட்டி தட்டாமல் கிண்டக் கிண்ட மாவு வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரி மினுமினுக்கும். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். ஆறியதும் எலுமிச்சம்பழம் பிழிந்து, மாடியில் பழைய வேட்டியை விரித்து நாலு பக்கமும் செங்கல் வைத்து, கரண்டி கரண்டியாக ஊற்றி வட்டமாக இழுப்போம். வெயில் ஏறுவதற்குள் வேட்டி முழுக்க நிலாவாக இருக்கும். காக்கா காவலுக்கு மாமியார் கறுப்புக் குடையோடு படிக்கட்டு நிழலில் உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகள் பாதிக் கூழைத் தின்றுவிடுவார்கள்; அந்தக் கூழின் ருசி பொரித்த வடகத்துக்குக் கூட வராது என்பது என் கட்சியும்தான்.

சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஒரு நிமிஷம் விட வேண்டும். பிறகு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தோல் உரிகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கழன்று வரும். என் மகள் அதற்காகவே ஸ்கூல் லீவை எதிர்பார்த்திருக்கிறாள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் முறத்தில் காய்ந்து, குலுக்கினால் கலகலவென்று சத்தம் வந்தால் டின்னுக்குப் போகலாம்.

அதே வெயிலில் தாளிப்பு வடகமும் உருளும். சின்ன வெங்காயம் விலை இறங்குகிற நேரம் பார்த்து வாங்கி, பூண்டு, ஊறவைத்த உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு போட்டு இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் காயவைப்பது. தினம் காலையில் உதிர்த்துப் பரப்பி, சாயங்காலம் மறுபடி உருட்ட வேண்டும். ஒரு வாரத்துக்கு எங்கள் மாடிப்படி முழுக்க அந்த வாசனைதான். ஹவுஸ் ஓனர் அம்மா முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னம்மா இது?" என்று கேட்டார். கருவாட்டுக் குழம்பில் ஒரு துண்டு கிள்ளிப் போட்டுத் தாளித்து ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். இப்போது மாடிச் சாவியை அவரே கொண்டுவந்து கொடுக்கிறார்.

மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். கொட்டை எடுத்து, கல் உப்புத் தூவி, வெயிலில் காட்டி, மண்பானையில் அமுக்கி வைத்தால் வருஷம் தாண்டும். எவர்சில்வரிலும் அலுமினியத்திலும் போட்டு வைக்காதீர்கள், புளியும் உப்பும் பாத்திரத்தை அரித்துவிடும். இந்தப் புளியில் நான் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் காய்ச்சி வைப்பேன். அடுப்பு ஒரு தடவை எரிந்து சோறு மட்டும் வெந்தால் போதும், ஐந்து பேருக்கும் விருந்து!

பரண் தன் மகிமையைக் காட்டியது 2024 அக்டோபரில். 16-ஆம் தேதிக்கு ரெட் அலர்ட் என்று சொன்னார்கள். சென்னையே நடுங்கிப் போயிற்று. வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்திய படத்தைப் பார்த்திருப்பீர்கள். கார் உள்ளவர்கள் பாலத்தைத் தேடினார்கள், இல்லாதவர்கள் கடையைத் தேடினார்கள். எங்கள் பக்கத்துக் கடைகளில் ரொட்டி, பால், முட்டை, மெழுகுவர்த்தி எல்லாம் மத்தியானத்துக்குள் துடைத்துப் போட்ட மாதிரி. நான் கம்பெனியிலிருந்து நிதானமாக நடந்து வந்தேன். வழியில் எதுவும் வாங்கவில்லை! அந்த நடையின் கம்பீரத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? கடைசியில் பயந்த அளவுக்கு மழை வரவில்லை என்பது வேறு கதை. புயல் வந்த பிறகு ஓடி, கடையில் இருப்பதையெல்லாம் ஒரே ஆள் அள்ளிக்கொண்டு போவதைத்தான் பதுக்கல் என்பேன். பின்னால் நிற்கிறவருக்கு ஒன்றும் மிஞ்சாது. பல மாதமாகக் கால் கால் கிலோவாகச் சேர்த்தவள், நெருக்கடி நாளில் வரிசையில் ஒரு இடத்தைக் காலி பண்ணிக் கொடுக்கிறாள்.

நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலன்றும் அப்படித்தான். வெளியே மழை அடித்துக்கொண்டிருக்க, உள்ளே வற்றக்குழம்பு, சுட்ட அப்பளம், பருப்புத் துவையல். பிள்ளைகளுக்குப் பத்து ரூபாய் பால் பவுடர் பாக்கெட்டில் பால். கரண்ட் போனால் மிக்ஸி ஓடாது என்பதற்காக அரைக்க வேண்டியதெல்லாம் முன்கூட்டியே பொடியாகப் பரணில்: பருப்புப்பொடி, ரசப்பொடி, சத்துமாவு. அடுப்பே பற்றவைக்க முடியாத நேரத்துக்கு அவலும் வெல்லமும். தண்ணீர் கேனையும் குடத்தையும் மழை எச்சரிக்கை வந்தவுடன் நிரப்பிவிடுவேன். இரண்டாவது சிலிண்டர் எப்போதும் முழுசாக இருக்க வேண்டும். காலியானதும் அன்றே புக் பண்ணிவிடுவது எங்கள் வீட்டுச் சட்டம்.

போன வாரம் எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்த பெண் பரணைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்ல மாசக் கடைசியில கடுகு கூட இருக்காதுக்கா, நான் எதுல ஆரம்பிக்கிறது?" என்று கேட்டாள். உப்பில் ஆரம்பி என்றேன். கல் உப்பு கெட்டுப் போகாது, வண்டு வராது, விலையும் பெரிய விலை இல்லை, ஊறுகாய்க்கும் வற்றலுக்கும் புளிக்கும் அதுதான் முதல். இந்தச் சனிக்கிழமை இரண்டு பாக்கெட் கல் உப்பு, கால் கிலோ துவரை, ஒரு பாக்கெட் அவல். அடுத்த சனிக்கிழமை ரேஷன் கடைக்கு என்னோடு வா, பாமாயில் வந்திருக்கும் என்றேன். காலி டின் ஒன்று என்னிடம் உபரியாகக் கிடக்கிறது; தேய்த்துக் காயவைத்து அவளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.